ஏழு வடிவங்களில் தொடங்கிய களஞ்சியம்

2024 அக்டோபர் 7, 8, 9 ஆகிய மூன்று நாள்களில் மருத்துவம், இயற்பியல், வேதியியல் ஆகிய துறைகளுக்கான நோபல் பரிசுகள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. மருத்துவப் பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் சென்றது; அது தனிக்கதை. மற்ற இரண்டு பரிசுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இயற்பியல் பரிசை ஜான் ஹாப்ஃபீல்டும் ஜெஃப்ரி ஹின்டனும் செயற்கை நரம்பணு வலைப்பின்னல்களுக்கு அடித்தளமிட்டதற்காகப் பெற்றனர். வேதியியல் பரிசில் பாதி, இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. மறுபாதி, புரதங்களின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். இவ்விருவரும் பணியாற்றுவது பல்கலைக்கழகத்தில் அன்று, கூகுளுக்குச் சொந்தமான டீப்மைண்டு நிறுவனத்தில்.

அந்த வாரத்தின் செய்திகள் பெரும்பாலும் இதைச் செயற்கை நுண்ணறிவுக்குச் சூட்டப்பட்ட முடியாகவே எழுதின. எந்திரம் கற்றுக்கொண்டது என்று வியந்தோர், அது எதிலிருந்து கற்றுக்கொண்டது என்பதை ஒரு தொடரில் கடந்துவிட்டனர். ஐம்பதாண்டு கால வரலாறு ஒன்று அந்த ஒரு தொடருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. உயிரணுவுக்குள் உருவாகும்போதே அது மடிந்து, சுருண்டு, தனக்கே உரிய ஒரு முப்பரிமாண வடிவத்தை அடைகிறது. ஆக்சிஜனைச் சுமப்பதும் உணவைச் செரிப்பதும் கிருமியைப் பற்றிக்கொள்வதும் அந்த வடிவத்தால் ஆகும் காரியங்கள். சங்கிலியின் வரிசையை அறிவது ஒரு சிக்கல். அதை இன்சுலினில் முதன்முதலாகத் தீர்த்த ஃபிரெடரிக் சாங்கர் 1958இல் நோபல் பெற்றார். வடிவத்தை அறிவது அதனினும் கடினமான மற்றொரு சிக்கல். புரதத்தைப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிதறி விழும் புள்ளிகளின் செறிவிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். மாக்ஸ் பெரூட்ஸ் 1937இல் கேம்பிரிட்ஜில் ஹீமோகுளோபினை எடுத்துக்கொண்டார். அதன் வடிவம் தெளிவானபோது 1950களின் இறுதி வந்திருந்தது. 1958இல் அவருடைய தோழர் ஜான் கெண்ட்ரூ, திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினின் முதல் தோராய வடிவத்தை வெளியிட்டார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைப்போல ஒழுங்கும் சமச்சீரும் உடைய ஒன்றை எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம் தந்தது. குடல் சுருண்டு கிடப்பதுபோல் ஒரு குழப்பமே தெரிந்தது. 1962இல் இருவரும் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்தக் குழப்பத்துக்குள் ஒரு விதி உண்டு என்பதைக் காட்டிய வேலை சென்னையில் நடந்தது. சி.வி. இராமனின் மாணவரான ஜி.என். ராமச்சந்திரன் 1952இல், முப்பது வயது நிறையும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த படிகவியலர் ஜே.டி. பெர்னால், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிச் சென்றார். கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதைக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய சுருள் என்று நேச்சர் இதழில் முன்மொழிந்தனர். அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செப்பமாக்கினர். அதே ஆண்டில் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தம் வடிவத்தை வெளியிட்டு, சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடிய எல்லையைவிட மிக நெருங்கி நிற்கின்றன என்று மறுத்தனர்.

அந்த மறுப்புக்கு ராமச்சந்திரன் தேடிய விடை கொலாஜனோடு நிற்கவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அளவீடுகளை எல்லாம் அவருடைய குழு திரட்டியது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பிறர் அளந்து அச்சிட்டு வைத்த எண்களே சென்னைக் குழுவின் மூலப்பொருள். அவற்றிலிருந்து அணுக்களுக்கு இடையே அனுமதிக்கத்தக்க குறைந்தபட்சத் தொலைவுகளின் பட்டியல் உருவாயிற்று. பின்னர் வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகியோருடன் அவர் கேட்ட கேள்வி எளியது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நடுக் கார்பன் அணுவின் இருபுறமும் இரண்டு திருப்பங்கள் மட்டுமே சாத்தியம். அவற்றை ஃபை, சை என்னும் இரு கோணங்களால் குறிக்கலாம். இரண்டையும் எல்லா அளவுகளுக்கும் திருப்பிப் பார்த்தால் எந்தெந்த நிலைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும்? மேசைக் கணக்கிடும் கருவிகளைக் கொண்டு இக்கணக்கைப் போட்டனர். 1963இல் வெளிவந்த கட்டுரையின் படத்தில் பெரும்பகுதி வெற்றிடம்: புரதத்தால் புக இயலாத நிலம். அனுமதிக்கப்பட்ட சிறு தீவுகளுக்குள்தான், லைனஸ் பாலிங் முன்பே கண்டிருந்த ஆல்ஃபாச் சுருளும் பீட்டாத் தாளும் வந்து விழுந்தன.

தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இவ்வகை விதி புதிதன்று. எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும், எது வராது என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அது எந்தச் சொல்லையும் படைத்துத் தருவதில்லை. சொல்லாக இருக்க முடியாதவற்றை விலக்கிவைக்கிறது. ராமச்சந்திரன் வரைபடமும் அத்தகைய விலக்குப் பட்டியலே. அதனால்தான் அறுபதாண்டுகளுக்குப் பின்னும் ஒரு புரத வடிவம் சரியா தவறா என்று சோதிக்கும் முதற்கருவிகளுள் ஒன்றாக அது நீடிக்கிறது. அதற்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2024இன் இயற்பியல் பரிசு அறிவிக்கப்பட்ட அக்டோபர் 8, தற்செயலாக, அவருடைய பிறந்தநாள்.

விலக்குப் பட்டியல் இருந்தாலும் வடிவத்தை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மடிப்பு குலைக்கப்பட்ட ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதி சோதனைக் குழாயில் தானாகவே மீண்டும் மடிவதைக் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் காட்டினார். ஆகவே வடிவத்துக்கான தகவல் முழுவதும் வரிசையிலேயே இருக்கிறது. 1972இன் வேதியியல் நோபல் இதற்கு வழங்கப்பட்டது. ஆனால் 1969இலேயே சைரஸ் லெவிந்தால் ஒரு முட்டுக்கட்டையைச் சுட்டிக்காட்டியிருந்தார். சாத்தியமான மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் புரதம் தன் வடிவத்தை அடைகிறது என்றால் பேரண்டத்தின் வயதே போதாது. புரதமோ நொடிகளுக்குள், பல நேரம் அதனினும் விரைவாக, மடிந்துவிடுகிறது.

இந்த இரு ஆண்டுகளுக்கு இடையில், 1971 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் படிகவியலர்கள் கூடினர். கண்டறியப்பட்ட வடிவங்களின் அணு ஆயத்தொலைவுகளை ஓரிடத்தில் சேர்த்து, கேட்பவர்க்கெல்லாம் தர வேண்டும் என்று ஹெலன் பெர்மன் உள்ளிட்ட இளம் ஆய்வாளர் சிலர் வலியுறுத்தி வந்தனர். புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் வால்டர் ஹாமில்டன் அப்பொறுப்பை ஏற்றார். அக்டோபரில் புரதத் தரவு வங்கி அறிவிக்கப்பட்டபோது அதிலிருந்தவை ஏழு வடிவங்கள். இருப்பு காந்த நாடாக்களில் அஞ்சல்வழிப் பயணம் செய்தது. ஒரு வரிக்கு எண்பது இடங்கள் என்னும் அதன் கோப்பு வடிவம் துளையட்டையின் அகலத்திலிருந்து வந்தது. துளையட்டைகள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்த எண்பது மாறாமல் இருந்தது. ஹாமில்டன் 1973இல் இளவயதிலேயே காலமானார். வங்கி மூடப்படாமல் டாம் கோட்ஸலின் பொறுப்பில் தொடர்ந்தது.

களஞ்சியம் என்றவுடன் எல்லோரும் மனமுவந்து நெல் கொண்டுவந்து கொட்டினர் என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு புரதத்தின் பின்னே பத்தாண்டு உழைத்த ஆய்வகம், அதன் எண்களை வெளியிட்டவுடன் அடுத்த நான்கு கட்டுரைகளைப் பிறர் எழுதிவிடுவார்களே என்று அஞ்சியது. அந்த அச்சம் நியாயமானதே. விளைவு, கட்டுரை வெளிவரும், படம் வெளிவரும், ஆயத்தொலைவுகள் வாரா. அச்சிட்ட இரட்டைப் படங்களை அளந்து அணுக்களின் இடத்தைத் தோராயமாக மீட்டெடுத்த ஆய்வாளர்களும் இருந்தனர். 1980களின் பிற்பகுதியில் இதற்கு எதிராகத் துறைக்குள்ளேயே குரல் எழுந்தது. 1989இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் ஓர் ஒப்பந்தம் போன்ற நெறிமுறையை வெளியிட்டது: கட்டுரையோடு ஆயத்தொலைவுகளையும் வங்கியில் ஒப்படைக்க வேண்டும், விரும்பினால் அவற்றை ஓராண்டு வரையும், மூல அளவீடுகளை நான்காண்டு வரையும் மூடிவைக்கலாம். அந்த ஓராண்டுச் சலுகையும் நீண்ட காலம் நிற்கவில்லை. 1998இல் நேச்சர், சயின்ஸ் ஆகிய இதழ்கள், கட்டுரை வெளியாகும் நாளிலேயே தரவும் திறக்கப்பட வேண்டும் என்று விதித்தன. அறிவியல் வரலாறு இத்தகைய விதிகளைக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவதில்லை. ஆனால் அவை இல்லாமல் பின்னால் வந்த கண்டுபிடிப்பு நடந்திராது.

1989இல் எச்.ஐ.வி. புரோட்டியேஸ் என்னும் நொதியின் வடிவம் வெளியாயிற்று. அதன் பிளவில் பொருந்தும்படி வடிவமைத்த முதல் மருந்து 1995 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவிலிருந்தும் வடிவங்கள் சேர்ந்தன: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழு நிலக்கடலை லெக்டினின் அமைப்பை 1994இல் வெளியிட்டது. ஏழில் தொடங்கிய எண்ணிக்கை 2014இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

வடிவங்கள் பெருகிக்கொண்டிருந்தபோதே அவற்றைக் கணிக்க முனைந்தவர்களுக்கு ஒரு தேர்வுக்கூடம் அமைந்தது. ஜான் மோல்ட் முன்னின்று 1994இல் தொடங்கிய காஸ்ப் என்னும் போட்டியின் முறை நேர்மையானது. ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் வரிசையை மட்டும் தருவர். கணிப்புகளைப் பெற்றபின் விடையை எடுத்து ஒப்பிடுவர். விடையை முன்கூட்டி எவரும் பார்த்திருக்க வழியில்லை. இப்போட்டி நடக்க, தம் வெளியிடாத வடிவங்களைப் படிகவியலர்கள் சில மாதம் கடன் கொடுத்தனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்வு நடந்தது. கடினமான வினாக்களில் நெடுங்காலம் தேர்ச்சி இல்லை.

முன்னேற்றத்துக்கு வழிகாட்டியது வேறொரு களஞ்சியம்: வரிசைகளின் தொகுப்பு. ஒரே மூதாதைப் புரதத்திலிருந்து கிளைத்த ஆயிரக்கணக்கான உறவுப் புரதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சில இடங்கள் சேர்ந்தே மாறுவது தெரியும். ஓரிடத்தில் பெரிய அமிலம் வந்தால் தொலைவிலுள்ள மற்றோரிடத்தில் சிறியது வருகிறது. சங்கிலியில் தொலைவிலிருந்தாலும் மடிந்த வடிவில் அவ்விரண்டும் அடுத்தடுத்து இருக்கலாம் என்பதற்கு அது குறிப்பு. ஒப்பியல் மொழியியல் கற்றவர்கள் இதைக் கண்டவுடன் அடையாளம் காண்பர். கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் ‘செவி’. கன்னடத்தில் ‘கேரி’, தமிழில் ‘சேரி’. ககரம் சகரமாவது பின்வரும் முன்னுயிரைப் பொறுத்தது என்பதை ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. உறவுமொழிகளின் சொற்களை அடுக்கினால்தான் ஓரிடத்தின் மாற்றம் மற்றோரிடத்தைச் சார்ந்திருப்பது புலப்படும். ‘புரதங்களின் மொழி’ என்னும் உருவகம் இன்று மலிந்துவிட்டது. மொழியில் ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறி. புரதத்தில் வரிசைக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு இயற்பியல். ஆகவே அவ்வுருவகம் முக்கியமான இடத்திலேயே கைவிட்டுவிடுகிறது. ஒப்பீட்டு முறை மட்டும் இரண்டு துறைக்கும் உண்மையிலேயே பொது.

சேர்ந்து மாறும் இடங்களில் நேரடித் தொடர்பு எது, வேறொன்றின் வழியாக வந்த தொடர்பு எது என்று பிரிப்பது கடினமாக இருந்தது. 2009 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் புள்ளியியல் இயற்பியலர்கள், ஒழுங்கற்ற காந்தப் பொருள்களை ஆராய வகுத்த கணிதத்தை இதற்குப் பயன்படுத்தினர். 1982இல் ஹாப்ஃபீல்டு தம் வலைப்பின்னலை அமைத்ததும் அதே காந்தக் கணிதத்தின் வழியில்தான். இயற்பியல் பரிசும் வேதியியல் பரிசும் உள்ளூரச் சந்திக்கும் இடம் இது.

ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் வடிவம் இந்த இரு களஞ்சியங்களின்மேல் நின்றது. ஏறத்தாழ 1,70,000 புரத வடிவங்களும் கோடிக்கணக்கான வரிசைகளும் அதற்குப் பாடநூல். 2020 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட காஸ்ப் முடிவுகளில், நூற்றுக்கு எண்ணும் அளவுகோலில் அதன் இடைநிலை மதிப்பெண் 92.4. இதன் பின்னுள்ள கணிதத் திறனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அதே களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருந்தும் பிறரால் அங்கே எட்ட முடியவில்லை. 2021 ஜூலையில் கட்டுரையோடு நிரலும் வெளியாயிற்று. ஏறத்தாழ ஓராண்டில் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்பு வடிவங்கள் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் வழியாக இலவசமாகக் கிடைத்தன.

இதே காலத்தில் களஞ்சியத்தின் மற்றொரு பயன் மருத்துவத்தில் வெளிப்பட்டது. கொரோனா நச்சுயிரின் மரபு வரிசை 2020 ஜனவரியில் வெளியான சில வாரங்களுக்குள் அதன் கூர்முனைப் புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டது. அந்தப் புரதம் உயிரணுவுக்குள் நுழையும்போது வில்போல் விரிந்து வடிவம் மாறுவது. விரிந்த பின் அதற்கெதிராக எழும் எதிர்ப்பொருளால் பெரும்பயன் இல்லை. விரியாமல் நிறுத்த, அதன் 986, 987ஆம் இடங்களில் புரோலின் என்னும் அமிலத்தை வைத்தனர். மெர்ஸ் நச்சுயிரில் 2017இலேயே சோதித்த உத்தி அது. புரோலினின் பக்கக்கிளை முதுகெலும்பிலுள்ள நைட்ரஜனோடு திரும்ப இணைந்து வளையமாகி நிற்பதால், ஃபை கோணம் அசைய இடமில்லை; ராமச்சந்திரன் வரைபடத்தில் அதற்குரிய பகுதி ஒரு குறுகிய பட்டை. அந்த இறுக்கமே விரிதலைத் தடுத்தது. ஃபைசர், மாடர்னா, நோவாவேக்ஸ் தடுப்பூசிகளில் இம்மாற்றம் உண்டு. இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் பெற்ற கோவிஷீல்டில் இது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லெவிந்தாலின் கேள்விக்கு ஆல்ஃபாஃபோல்டு விடை சொல்லவில்லை. போய்ச் சேரும் இடத்தைச் சொல்கிறது. போகும் வழியைச் சொல்வதில்லை. மனிதப் புரதங்கள் அனைத்தையும் கணித்தபோது, அமிலங்களுள் 58 விழுக்காட்டுக்கே நம்பத்தக்க இருப்பிடம் தர முடிந்தது. மீதியில் கணிசமான பகுதி நிலையான வடிவமே இல்லாமல் நெகிழ்ந்திருப்பது. அதைப் பற்றிப் படிக வடிவங்களின் களஞ்சியத்தில் பாடம் குறைவு.

2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்டின் மூன்றாம் வடிவம் நேச்சரில் வெளியாயிற்று. புரதம் மருந்து மூலக்கூறோடும் டி.என்.ஏ.வோடும் எப்படிப் பிணையும் என்பதையும் அது கணிக்கிறது. இம்முறை நிரல் தரப்படவில்லை. நாளொன்றுக்குச் சில கணிப்புகள் என்னும் வரம்புடன் இணையச் சேவை மட்டும் திறக்கப்பட்டது. ஆய்வாளர் தாம் விரும்பும் புதிய மருந்து மூலக்கூறை அதில் இட்டுப் பார்க்க இயலாது. டீப்மைண்டின் சகோதர நிறுவனமான ஐசோமார்ஃபிக் லேப்ஸ் மருந்துக் கண்டுபிடிப்பைத் தொழிலாகக் கொண்டது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயத்தொலைவுகளை மூடிவைத்த படிகவியலருக்கு ஒரு நாள் மறுக்கப்பட்ட சலுகை, நிரலை மூடிவைத்த நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 1998இல் அந்தச் சலுகையை மறுத்த இதழ்களுள் ஒன்றே இப்போது அதை அளித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலர் இதை எதிர்த்து இதழுக்குத் திறந்த மடல் எழுதினர். நோபல் அறிவிப்பு வந்து ஒரு மாதம் கழித்து, நவம்பர் 11 அன்று நிரல் வெளியிடப்பட்டது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்பது நிபந்தனை. அதன் கணிப்புகளைக்கொண்டு அதுபோன்ற மற்றொரு மாதிரியைப் பயிற்றக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அது பயின்ற புரதத் தரவு வங்கிக்கு அப்படியொரு நிபந்தனை இல்லை. அதன் தரவு எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளத்தக்க பொதுச்சொத்து.

அதே நவம்பரில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் போல்ட்ஸ்-1 என்னும் மாதிரியை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன், பயிற்சிக்கான நிரலையும் சேர்த்து வெளியிட்டனர். அதன் துல்லியம் ஆல்ஃபாஃபோல்டு மூன்றை ஒட்டியிருந்தது. அதற்கும் பாடநூல் 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கிய அந்த வங்கிதான்.